மூன்று நாளைக்கு மட்டும்

சங்கரன்கோவிலில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில், ஒரு பருத்தி மண்டிக்கு மேல் மாடியில், சட்டமுறையாக்கத் தனி அலுவலகம் என்று ஓர் அலுவலகம் இருந்தது. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வாய் உலர்ந்துவிடும் என்பதால் ஊர்க்காரர்கள் அதைச் சீல் ஆபீஸ் என்றார்கள். அந்த அலுவலகத்துக்கு ஒரே வேலைதான். நடந்துவிட்ட காரியங்களைச் சட்டப்படி நடந்ததாக ஆக்குவது. சுவர், கிணறு, தொழுவம், பெட்டிக்கடை, தத்து, பாகப்பிரிவினை எதுவானாலும் அந்த மாடிப்படி ஏறி இறங்கினால்தான் அது இருப்பதாகக் கணக்கு. ஏறாத வரைக்கும், இறைத்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாலும் கிணறு கிடையாது.

இதற்கென்று அங்கே எட்டு வார்த்தைகள் வைத்திருந்தார்கள். இசைவு, ஒப்புதல், ஏற்பு, பின்னேற்பு, உறுதியாக்கம், அங்கீகாரம், செல்லத்தக்கதாக்கல், வரன்முறை. வெளியே நின்று பார்க்கிறவனுக்கு எட்டும் ஒன்றுதான். உள்ளே போய் நின்றவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன்னால் கேட்டால் அது இசைவு. அது யாருக்கும் கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை. கேட்காமல் செய்துவிட்டு வந்து கைகட்டி நின்றால் பின்னேற்பு. செய்யக்கூடாது என்று எழுத்தில் சொன்ன பிறகும் செய்துவிட்டுக் காரில் வந்து இறங்கினால் வரன்முறை. அதையே பஸ்ஸில் வந்து இறங்குகிறவன் செய்திருந்தால் அதற்கு ஒன்பதாவதாக ஒரு வார்த்தை உண்டு. ஆக்கிரமிப்பு.

அலுவலகத் தலைவர் உச்சிமாகாளிக்கு இந்த எட்டு வார்த்தைகள் மேல் பிள்ளைகள் மாதிரிப் பாசம். ஒப்புதல் என்று எழுதவேண்டிய இடத்தில் ஏற்பு என்று எழுதிவிட்ட கிளார்க்கைக் கூப்பிட்டு, "ஏம்வே, கல்யாணமும் கருமாதியும் உமக்கு ஒண்ணா?" என்று கேட்டுவிட்டு அரைநாள் நிற்க வைத்தவர் அவர். அன்றைக்கு அந்தக் கோப்புக்காக ராயகிரியிலிருந்து வந்திருந்த விவசாயியும் சேர்ந்துதான் நின்றார்.

ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு சீல். ஆனால் அங்கே இருந்த ஏழு அதிகாரிகளும் கையெழுத்துப் போடுவார்களே தவிர, சீலைத் தொடமாட்டார்கள். ஊதா மை விரலில் ஒட்டினால் மத்தியானச் சோற்றோடு வயிற்றுக்குள் போகும். சட்டையில் பட்டால் அந்தச் சட்டைக்கு அதோடு ஆயுசு முடிந்தது. அதனால் சீல் வைப்பதற்கென்றே ஒரு ப்யூன் இருந்தான். 1966-இல் ஒரு பங்குனி மாதம் அவனுக்கு அம்மை போட்டுவிட்டது. அன்றைக்குக் காலையில் மாடிக்குத் தண்ணீர் சுமந்து வந்த முப்பிடாதியம்மாளைப் பார்த்து அப்போதைய தலைவர், "ஏட்டி, மூணு நாளைக்கு மட்டும் நீ வையி" என்றார். அம்மை இறங்கிய ப்யூன் கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கும் வேலைக்குப் போய்விட்டான். அந்த மூன்று நாள் முடியாமல் அப்படியே நீண்டு 1983 வரைக்கும் வந்துவிட்டது.

முப்பிடாதிக்கு எழுத்து தெரியாது. வடிவம் தெரியும். வட்டம் ஒப்புதல், முட்டை பின்னேற்பு, நான்கு மூலை உள்ளது உறுதியாக்கம், நடுவில் நட்சத்திரம் இருந்தால் வரன்முறை. பதினேழு வருஷத்தில் ஒரு சீல் தலைகீழாக விழுந்ததில்லை, ஒன்றின் மை ஈசிப் பரவியதில்லை. காகிதத்தை இடது கையால் தடவிச் சமப்படுத்தி, மூச்சைப் பிடித்து, ஒரே அமுக்கு. அவள் வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நகத்துக்குள் வரைக்கும் ஊதா. வருகைப் பதிவேட்டைத் தினமும் தூசி தட்டி வைப்பவளும் அவள்தான். அதில் அவள் பெயர் மட்டும் கிடையாது. சம்பளம் சில்லறைச் செலவு என்ற தலைப்பில், விளக்குமாற்றுக்கும் மண்பானைக்கும் நடுவில் வந்தது. பேர் இல்லையே என்ற குறை அவளுக்கு உள்ளுக்குள் இருந்தது. ஆனால் எட்டு வார்த்தையும் தன் கையில் இருக்கும்போது தனக்கு ஒரு வார்த்தை கிடைக்காமலா போகும் என்று நினைத்துக்கொள்வாள்.

அந்த வருஷம் ஆனியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. நியமன ஆணை இல்லாமல் வேலை பார்க்கிறவர்களை ஆடி முடிவதற்குள் வரன்முறைப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் விலக்கிவிட வேண்டும். ஹெட் கிளார்க் சண்முகையா அதை இரண்டு தடவை படித்தார். முதல் தடவை படித்தபோது அவருக்கு முப்பிடாதி ஞாபகம் வந்தது. இரண்டாவது தடவை படித்தபோது வீட்டில் சும்மா இருக்கிற மச்சினன் காளிராஜ் ஞாபகம் வந்தது. அதற்கு மேல் படிக்கவில்லை.

மண்டி வாசலில் டைப்ரைட்டர் போட்டு உட்கார்ந்திருந்த கடையநல்லூர் மெஹர்பானுதான் முப்பிடாதிக்கு மனு அடித்துக் கொடுத்தாள். அவள் வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். சீல் ஆபீஸுக்கு வருகிறவர்களுக்கு மனு அடித்தே அவள் அந்த எட்டு வார்த்தைகளையும் உச்சிமாகாளியைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தாள்.

"கவலைப்படாதிய அக்கா. பதினேழு வருசம். கல்லும் கரைஞ்சிரும்லா?" என்றாள் மெஹர்பானு.

கல் கரைந்தாலும் கரையும். ஒரு கோப்பு கரையாது. முப்பிடாதியின் கோப்பை மேசைக்கு மேசை எடுத்துப் போகிறவளும் முப்பிடாதிதான். முதல் மேசைக்காரர் கேட்டார்.

"நீ இங்கன வேலை பாத்ததுக்கு என்ன ஆதாரம்?"

"ஐயா, இப்பம் உங்க கையில இருக்க தண்ணி நான் கொண்டாந்ததுதான்."

அவர் தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல அப்படி ஒண்ணும் எழுதலியே" என்றார். மிச்சத் தண்ணீரைக் குடித்தார். குறிப்பு எழுதினார். 'ஆதாரம் எதுவும் தாக்கல் செய்யப்படவில்லை.' அதை அவள் பக்கம் தள்ளி, "வட்டத்தை வையி" என்றார். வைத்தாள்.

இரண்டாவது மேசையில் அவள்தான் அவள் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். அரசு அதிகாரி ஒருவர் 'இவரை எனக்கு நேரில் தெரியும்' என்று எழுதித் தரவேண்டும். ஏழு அதிகாரிகளிடமும் போனாள். அதில் மூன்று பேருக்கு வீட்டில் விசேஷம் என்றால் மாவாட்டிக் கொடுத்திருக்கிறாள். ஒருவருடைய பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வந்திருக்கிறாள். ஆனால் தெரியும் என்று எழுதிவிட்டால், தெரிந்தே பதினேழு வருஷம் பேரில்லாமல் வேலை வாங்கியது யார் என்று மேலே கேட்பார்கள். ஆகையால் ஏழு பேரும், ஆளுக்கு ஒரு தாளில், அழகான கையெழுத்தில், 'மேற்படி நபரை எனக்கு நேரில் தெரியாது' என்று எழுதினார்கள். ஏழு தாளையும் அவளிடமே நீட்டினார்கள். ஏழுக்கும் சீல் வைத்தாள்.

அப்புறம் தல ஆய்வு. அவள் உண்மையில் வேலை பார்க்கிறாளா என்று இடத்திலேயே வந்து பார்ப்பது. ஆய்வு நேரத்தில் மனுதாரர் அங்கே இருந்தால் அது ஆய்வில் குறுக்கிடுவதாகும் என்று விதி. அதனால் அவளைக் கீழே போய் மண்டியில் நிற்கச் சொன்னார்கள். சண்முகையாவும் இன்னும் இருவரும் சீல் மேசையைச் சுற்றி நின்று கால் மணி நேரம் கூர்ந்து பார்த்தார்கள். 'தல ஆய்வின்போது மேற்படி இடத்தில் எவரும் பணி செய்யக் காணப்படவில்லை' என்று எழுதினார்கள். எழுதியதும் சண்முகையா ஜன்னல் வழியாக எட்டிக் கத்தினார்.

"ஏட்டி முப்பிடாதி! மேல வா. இதுக்கொரு சீல் வைக்கணும்."

கடைசியாக உச்சிமாகாளியின் நேர் விசாரணை. மின்விசிறிக்குக் கீழே அவர் உட்கார்ந்திருந்தார். அவள் நின்றாள்.

"இங்க பாரு முப்பிடாதி. நீ கெட்டவன்னு யாரும் சொல்லல. வேலை பாக்கலன்னும் சொல்லல. நீ பாத்த வேலைய என் கண்ணால பாத்துருக்கேன். ஆனா நான் பாத்தது உச்சிமாகாளியா. தலைவரா நான் எதையும் பாக்கல. தலைவர்ங்கிறவன் கோப்புல உள்ளதத்தான் பாக்கணும். காலைல சூரியன் வருது. வெயில் அடிக்குது. எனக்கும் வேர்க்குது. அது கோப்புல இருக்கா? இல்ல. நான் பேசாம இருக்கேம்லா? ஒரு காரியம் சரியா தப்பாங்கிறது சின்ன ஆளுங்க கவலை. காரியம் நடந்துதா இல்லியாங்கிறதயே நாங்கதான் முடிவு செய்யுதோம். உனக்காக இரக்கப்பட்டேன்னு வையி, நாளைக்கு உண்மைய வச்சிக்கிட்டு ஒவ்வொருத்தனா படியேறி வந்துருவான். ஆபீஸு தாங்குமா?"

சொல்லி முடித்துவிட்டுத் தன் பேச்சில் தானே நெகிழ்ந்துபோய்த் தண்ணீர் கேட்டார். அவள் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் ஆணை தயாரானது. 'மனுதாரர் எக்காலத்திலும் இவ்வலுவலகப் பணியில் இருந்ததில்லை என முடிவு செய்யப்படுகிறது. இவ்வலுவலகத்தில் அவரால் செய்யப்பட்டதாகக் கூறப்படும் செயல் எதுவாயினும் அது ஆதிமுதல் செல்லாது. காலியாக உள்ள முத்திரைப் பணியிடத்தில் திரு. காளிராஜ் நியமிக்கப்படுகிறார்.' உச்சிமாகாளி கையெழுத்துப் போட்டார். காளிராஜ் வந்து நின்றான். புது வெள்ளைச் சட்டை. சீலை அவன் கையில் எடுத்ததும் மை ஒழுகியது.

"இதுக்கு மட்டும் நீயே வச்சிட்டுப் போ ஏட்டி. பிள்ள சட்ட பாழாப் போயிரும்" என்றார் சண்முகையா.

முப்பிடாதி காகிதத்தை இடது கையால் தடவினாள். மூச்சைப் பிடித்தாள். ஒரே அமுக்கு. என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. காளிராஜின் சட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். ஒரு நகலை வாங்கிக்கொண்டு படி இறங்கினாள்.

மெஹர்பானு அந்தத் தாளை வாசித்தாள். வாசித்துக்கொண்டே வந்தவள் பாதியில் தாளைக் கீழே வைத்தாள்.

"யா அல்லா. நீங்க வேலையே பாக்கலன்னு போட்டுருக்காவ அக்கா. இங்கன நீங்க செஞ்சது எதுவும் செல்லாதாம். மொதல்ல இருந்தே."

முப்பிடாதி அழவில்லை. அவளுக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். பதினேழு வருஷம் மூச்சைப் பிடித்து வைத்த சீல். மகள் கல்யாணத்தன்றைக்குக்கூட ஓடிவந்து வைத்துவிட்டுப் போன சீல். அவள் தன் விரல்களைப் பார்த்தாள். முந்தானையில் அழுத்தித் தேய்த்தாள். ஊதா போகவில்லை.

"ஏட்டி பானு, எதுவுமே செல்லாதா?"

"எதுவுமே."

"அப்பம் நான் வச்ச சீலு?"

மெஹர்பானு தாளை இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு டைப்ரைட்டரில் புதுத் தாளைச் சொருகினாள். மனு திருநெல்வேலி மேலலுவலகத்துக்கு. மூன்றே வரி. 'சட்டமுறையாக்கத் தனி அலுவலகத்தில் நான் செய்தது எதுவும் ஆதிமுதல் செல்லாது என்று ஆணை வந்துள்ளது. 1966 பங்குனி முதல் அங்கே எல்லாத் தாளிலும் சீல் வைத்தது நான் ஒருத்திதான். அந்தச் சீல்களை நான் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.' முப்பிடாதி கைநாட்டு வைத்தாள். ரிஜிஸ்தர் தபாலில் போயிற்று.

மேலலுவலகம் படிப்பதற்கு முன்னால் ஊர் படித்துவிட்டது. மெஹர்பானு ஒரு நகலை மண்டி வாசலில் ஒட்டியிருந்தாள். முதலில் படியேறியவர் கரிவலம்வந்தநல்லூர் சங்கரபாண்டி. அவருடைய தொழுவத்துச் சுவரை ஆக்கிரமிப்பு என்று நான்கு வருஷத்துக்கு முன் இடித்திருந்தார்கள். இடிக்கச் சொன்ன ஆணையைக் கையில் பிடித்துக்கொண்டு சண்முகையாவின் மேசைமுன் நின்றார்.

"இந்தச் சீலு செல்லாதுன்னு சொல்லுதாவ. செல்லாதுன்னா நீங்க இடிச்சது செல்லாது. இடிச்சது செல்லாதுன்னா இடிக்கவே இல்ல. இடிக்கலன்னா என் செவரு எங்க வே?"

சண்முகையா எட்டு வார்த்தைகளையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். சுவருக்குப் பொருந்துகிற மாதிரி ஒன்றும் இல்லை. சங்கரபாண்டிக்குப் பின்னால், பாகப்பிரிவினை செய்துகொண்ட அண்ணன் தம்பி இருவரும் ஒரே நாளில் வந்தார்கள். தம்பிக்குப் போன தோப்பு இப்போது யாருக்குமே போகவில்லையாம். தத்துப்போன பிள்ளை ஒருவன், இருபது வயதில், தான் யார் பிள்ளை என்று கேட்டு வந்தான். காரில் வந்து வரன்முறை வாங்கியவர்களும் வந்தார்கள். அவர்கள் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. உச்சிமாகாளியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சத்தம் போட்டார்கள். வெளியே கேட்டது.

பத்தாம் நாள் மேலலுவலகத்திலிருந்து தந்தி. 'உங்கள் அலுவலகத்தில் தற்போது உள்ள அதிகாரிகளின் பணியேற்பு அறிக்கைகளில் முத்திரை இட்டவர் யார்? உடன் தெரிவிக்க.'

ஏழு அறிக்கைகளையும் பீரோவிலிருந்து எடுத்துப் பரப்பினார்கள். ஏழிலும் சீல் நேராக, மை ஈசாமல், அச்சடித்த மாதிரி விழுந்திருந்தது. அந்த ஊரில் அப்படிச் சீல் வைக்க ஒரே ஒரு கைதான் உண்டு. காளிராஜின் நியமன ஆணையிலும் அதே கைதான். உச்சிமாகாளி தன் அறிக்கையை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பேசியபோது குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"சட்டம்ங்கிறது ஜனங்களுக்கு உள்ளதுல்லா வே சண்முகையா? அது எப்படி நமக்கு வரும்?"

அது வந்தது. அடுத்த வாரமே, தபாலில் வந்தது. 'சட்டப்படி பணியேற்காத ஏழு நபர்களும், நியமனம் பெறாத ஒரு நபரும் அரசு அலுவலகத்தில் தங்கியிருப்பது ஆக்கிரமிப்பு ஆகும். அலுவலகத் தலைவர் இவர்களை உடனடியாக அகற்றி, அறிக்கை அனுப்புக.' அலுவலகத் தலைவர் தன்னை எப்படி அகற்றுவது என்று இரண்டு நாள் விதிகளைப் புரட்டினார். மூன்றாம் நாள் மேலலுவலகம் அனுப்பிய வெளியாட்கள் வந்து எல்லோரையும் இறக்கிவிட்டு, மாடிக் கதவைப் பூட்டி அரக்கு வைத்தார்கள். ஏழு அதிகாரிகளும் கீழே பருத்திப் பொதிகள் மேல் உட்கார்ந்தார்கள். காளிராஜ் வீட்டுக்குப் போய்விட்டான். மெஹர்பானு அவர்களைப் பார்த்து, "மனு எதும் அடிக்கணுமா சார்?" என்று கேட்டாள்.

அலுவலகம் பூட்டிக் கிடந்த அந்த மூன்று வாரத்தில் சங்கரபாண்டி தன் சுவரைக் கட்டி முடித்துவிட்டார். முன்பு இருந்ததைவிட ஒரு முழம் கூட்டியே கட்டினார். ஏன் என்று கேட்கச் சட்டப்படி ஆள் இல்லை.

மேலலுவலகம் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தது. முப்பிடாதியம்மாளை 1966 பங்குனி முதல் முன்தேதியிட்டு முத்திரைப் பணியாளராக வரன்முறைப்படுத்தி ஓர் ஆணை. அவள் பணி சட்டமானால் அவள் வைத்த சீல் சட்டமாகும், ஊர்ச் சொத்தும் தத்தும் பிழைக்கும். அகற்றப்பட்ட ஏழு பேரும் தனித்தனியாக மீள்பணியேற்பு அறிக்கை கொடுத்து, அதில் முத்திரை பெற்றுக்கொண்டு உள்ளே போகலாம். முத்திரையை வைக்க வேண்டியது சட்டப்படி பணியில் உள்ள முத்திரைப் பணியாளர். ஆணையும், பூட்டிய மாடியிலிருந்து எடுத்த சீல் பெட்டியும் ஏழு பேரிடமே கொடுத்தனுப்பப்பட்டன.

ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் ஏழு பேரும் நடந்து வந்தார்கள். அலுவலக ஜீப்பில் ஏற அவர்களுக்கு இப்போது உரிமை கிடையாது. முப்பிடாதி தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து கூலிக்கு மிளகாய் வற்றல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். விரலில் ஊதா இன்னும் இருந்தது. அதன்மேல் மிளகாய் எரிச்சல்.

"முப்பிடாதியம்மா, நல்லாருக்கியளா?" என்றார் உச்சிமாகாளி. ஏட்டி போய்விட்டது. நீ போய்விட்டது. பதினேழு வருஷத்தில் அவள் பெயரோடு ஒரு அம்மா ஒட்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

அவள் எழுந்திருக்கவில்லை. மெஹர்பானுவைக் கூப்பிட ஆள் அனுப்பினாள். மெஹர்பானு டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டாள். ஆணையை வாசித்துச் சொன்னாள்.

"எல்லாம் சரியா இருக்கு அக்கா. சீலு மட்டும்தான் பாக்கி. நீங்களே வச்சிக்கிடலாம்."

"நான் எப்படி வைக்க?" என்று கேட்டாள் முப்பிடாதி. "நான் முப்பிடாதின்னு யாருக்குத் தெரியும்? ஏழு பேரும் தெரியாதுன்னு எழுதிக் குடுத்துருக்காவள்லா. அதுக்குச் சீலு வச்சதே நாந்தானே."

"அது ஒரு நடைமுறைக்காக எழுதினதும்மா" என்றார் சண்முகையா.

"இதும் நடைமுறைதான். தெரியும்னு எழுதுங்க. தண்ணி குடிச்சதும் எழுதுங்க. மாவாட்டுனதும் எழுதுங்க. பேரில்லாம வேலை வாங்குனதும் எழுதுங்க."

ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராகச் சொல்லச் சொல்ல, மெஹர்பானு அடித்தாள். தெரு கூடிவிட்டது. முப்பிடாதி ஏழு தாளையும் வாங்கி அவரவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது. சத்தமா வாசிச்சுச் சொல்லுங்க. தெருக்கோடியில நிக்கவங்களுக்கும் கேக்கணும்."

வாசித்தார்கள். மூன்றாவது ஆள் குரலைத் தாழ்த்தினார். பின்னால் நின்ற சங்கரபாண்டி, "கேக்கல வே" என்றார். முதலில் இருந்து வாசித்தார். உச்சிமாகாளி, 'இவரை எனக்கு நேரில் தெரியும், பேரில்லாமல் வேலை வாங்கியது எனக்குத் தெரிந்தே நடந்தது' என்று வாசித்தபோது புழுதிக்காற்றில் அவர் கண் கலங்கியிருந்தது. புழுதியால்தான். முப்பிடாதி அதைக் கவனித்தாள். அவளுக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. நெஞ்சு குளிர்ந்தது.

கையைக் கழுவிக்கொண்டு வந்து பெட்டியைத் திறந்தாள். தன்னுடைய ஆணையை மடியில் வைத்து இடது கையால் தடவினாள். நட்சத்திரச் சீலைத் தொட்டுப் பார்த்து எடுத்தாள். மூச்சைப் பிடித்தாள். பதினேழு வருஷமாக ஊருக்கெல்லாம் வைத்த வார்த்தையைத் தனக்கு ஒரு தடவை வைத்துக்கொண்டாள். நேராக விழுந்தது.

அந்த நிமிஷம் ஊரின் கிணறுகளும் தோப்புகளும் பிள்ளைகளும் மறுபடி சட்டப்படி உண்டாயின. உச்சிமாகாளி நிம்மதியாக மூச்சுவிட்டு, சட்டைப்பைக்குள்ளிருந்து தன் மீள்பணியேற்பு அறிக்கையை எடுத்து நீட்டினார். பின்னால் இன்னும் ஆறு கைகள் நீண்டன.

முப்பிடாதி ஒவ்வொரு சீலாகத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள். மூடிப் பூட்டினாள். சாவியை முந்தானையில் முடிந்தாள். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணு நாள் கழிச்சு வாங்க சார்" என்றாள்.

உச்சிமாகாளி நீட்டிய அறிக்கையை மறுபடி சட்டைப்பைக்குள் வைத்தார். அந்த அலுவலகத்தில் மூன்று நாள் என்றால் எவ்வளவு காலம் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அவருக்கு அப்போது ஐம்பத்தோரு வயது. ஐம்பத்தெட்டில் ஓய்வு.